மிஷின்காரி சொன்ன சம்மதங்கள்

எங்கள் ஊரில் அவளை மிஷின்காரி என்பார்கள். அவளிடம் மிஷின் எதுவும் கிடையாது. வீட்டில் ஒரு தையல் மிஷின்கூட இருந்ததில்லை. அறுப்புக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வருகிற நெல் அறுக்கும் மிஷினை, யார் வயலில் முதலில் இறக்குவது, யாருக்கு அடுத்தது என்று பேசி முடித்துக் கொடுக்கிறவள் அவள். நன்னிலம் பக்கத்தில் இந்த வேலையை ஆண்கள்தான் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து, போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் அது ஒரு பொம்பளை கையில் இருந்தது. அவள் போனைப் புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருப்பாள். மணி அடித்தால், முடிச்சை அவிழ்ப்பதற்குள் நின்றுவிடும். "வேணும்னா திரும்ப அடிப்பான்" என்பாள். அடிக்கத்தான் செய்தார்கள்.

என்னைவிட இளையவள். ஒரே தெரு. வயல் வேலைக்குப் போகும்போது பொம்பளைகள் புடவைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வோம், நெல் தாள் கையை அறுக்காமல் இருப்பதற்கு. வயலைவிட்டு வந்ததும் நாங்கள் கழற்றிவிடுவோம். அவள் கழற்ற மாட்டாள். தாலுகா ஆபீசுக்கும் அதே சட்டைதான், கல்யாணத்துக்கும் அதே சட்டைதான். கேட்டால், "சட்டை போட்டிருந்தா ஆபீசரு உக்காரச் சொல்றாருக்கா" என்பாள். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்கிற எதையும் நிஜமா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

அவளுடைய வழக்கம் அப்படி. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், அவள் முதலில் இவரிடம் போய், "அவங்க சரின்னுட்டாங்க, நீங்கதான் பாக்கி" என்பாள். இவர் யோசித்து, அவரே ஒத்துக்கொண்டபோது நமக்கென்ன என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலோடு நேரே அவரிடம் போய் அதையே சொல்வாள். அங்கே போகும்போது பாதிதான் பொய். திரும்பி வரும்போது பொய்யே இல்லை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது. வேறு ஏதோ பேச வந்தவள் போகிறபோக்கில் ஞாபகம் வந்து சொல்கிற மாதிரி இருக்கும்.

மிஷின் முதன்முதலில் எங்கள் ஊருக்கு வந்த அன்றைக்கே நான் இதைப் பார்த்தேன். அப்போது அவள்தான் எங்கள் அறுப்பு செட்டுக்குத் தலைவி. மிஷின் இறங்கினால் எங்கள் கூலி போய்விடும் என்று நாங்கள் பத்திருபது பொம்பளைகள் வரப்பில் ஏறி நின்றுகொண்டோம். அருவாளைக் கையில் வைத்திருந்தோம். மிஷின் ஓட்டி வந்த பையன் மிரண்டுபோய் மேலேயே உட்கார்ந்திருந்தான். அவள் மட்டும் இறங்கிப்போய் அவனிடம் என்னவோ பேசினாள். திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள்.

"டிரைவரு ஒத்துக்கிட்டாரு. மூலை முடுக்கு, வரப்போரம், மிஷின் வாய் எட்டாத இடம் பூரா நம்மதானாம். கூலியும் முழுக் கூலியாம்."

"டிரைவரு யாருடி கூலி சொல்றதுக்கு? நெலக்காரரு என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"அவரு அப்பவே சரின்னுட்டாரு. நீங்கதான் பாக்கி."

நாங்கள் வரப்பைவிட்டு இறங்கினோம். அவள் அந்தப் பக்கம் போய் நிலக்காரரிடம், "பொம்பளைங்க சம்மதிச்சுட்டாங்க அய்யா, மூலைக்கு முழுக் கூலின்னு டிரைவருகூட ஒத்துக்கிட்டாரு, நீங்கதான் பாக்கி" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அன்றைக்கு ஆரம்பித்தது. மூலையைக் கையால் அறுக்கிறவர்களுக்கு முழுக் கூலி என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எழுதியவள் இவள்தான்.

மிஷின் வந்ததற்கு நாங்கள் யாரும் அழவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்கள் வந்து, அந்தக் காலத்து அறுவடை எவ்வளவு அழகு என்று கேட்பார்கள். விடியலிலிருந்து பொழுது சாய்கிறவரை குனிந்து அறுத்து, கட்டைத் தலையில் வைத்துச் சேற்றில் நடந்தவளுக்கு அந்த அழகு முதுகில்தான் இருக்கும். "இடுப்பு விட்டுப்போச்சுக்கா, அது அறுக்கட்டும், நாம பாப்போம்" என்று அவள் சொன்னாள். வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று வந்தபோது ஒரு கூத்து நடந்தது. எங்கள் தெரு முனையில் நாங்கள் கை காட்டினால் பஸ் நிற்காது. டிக்கெட் வாங்காத கூட்டம்தானே என்று டிரைவருக்கு இளக்காரம். ஒரு கூப்பிடு தூரம் தள்ளிப் போய் நிற்கும். நாங்கள் ஓடினால் கிளம்பிவிடும். பொம்பளைகள் ஓடுவதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பார்கள். ஒரு நாள் இவள் டெப்போவுக்குப் போனாள், அதே சட்டையில். அங்கிருந்த அதிகாரியிடம், "எங்க ஊரு முனையில நிக்கிறதுக்கு டிரைவரு கண்டக்டரு எல்லாருக்கும் சம்மதமாம் சார், மேல இருந்து ஒரு வார்த்தை வரணுமாம், நீங்கதான் பாக்கி" என்றாளாம். அந்த மனுஷர், அவங்களுக்கே சம்மதம் என்றால் எனக்கென்னம்மா என்றாராம். மறுநாள் காலையில் ரோட்டின் நடுவில் போய் நின்று பஸ்ஸை மறித்தாள்.

"ஏம்மா, சாவறதுக்கு வேற பஸ்ஸு கெடைக்கலையா?" என்று டிரைவர் கத்தினார்.

"உங்க ஆபீசரு இங்க நிக்கச் சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லலையா? நேத்தே சொல்றேன்னாரே."

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். நாங்கள் நிதானமாக ஏறினோம். அன்றிலிருந்து நிற்கிறது. இப்போது அங்கே கூரை போட்டு, உட்காரத் திண்டு கட்டி, ஒரு எம்.எல்.ஏ. பெயரும் எழுதியிருக்கிறார்கள்.

எல்லாம் இப்படிச் சரியாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பஸ் இலவசம் ஆவதற்கு ரொம்ப வருஷம் முந்தி, என்னிடமே ஒரு முறை வைத்தாள் வெடியை. அப்போது தெருவில் அவளிடம் மட்டும்தான் போன் இருந்தது, மிஷின் வியாபாரத்துக்காக வாங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த என் மகன் அதில்தான் கூப்பிடுவான். நான் வயலில் இருந்தால் அவளே பேசி, சேதியை எனக்குச் சொல்வாள். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் தனியாகக் கிடக்கிறேன் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வந்து, "உன் மவன் கூப்புட்டான்க்கா. நீ திருப்பூருக்கு வந்துடணுமாம். வீடெல்லாம் பாத்துட்டானாம். நீ சரின்னா போதுமாம்" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. சரி என்றேன். அவள் அவனிடம் என்ன சொன்னாளோ, சேதி திரிந்துபோய்விட்டது. நான் கோழியை விற்று, வீட்டைப் பூட்டி, பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். வந்து நின்ற பஸ்ஸிலிருந்து என் மகன் பெட்டி படுக்கையோடு இறங்குகிறான்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றான்.

"உன் வீட்டுக்குத்தாண்டா."

"நான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன். நீதானே வந்துடச் சொன்ன?"

நான் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஓடவில்லை. மிஷின் டிரைவர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் திட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, கஞ்சியை வடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் சொன்னது ரெண்டு பக்கமும் பொய்தாங்க்கா. அவன் ஒன்னை வரச் சொல்லல, நீ அவன வரச் சொல்லல. ஆனா சொன்னதும் ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்களே, அந்த ஆச என்னுதா?"

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அந்தப் பொங்கல்வரை அவளோடு பேசவில்லை. மகன் நன்னிலத்தில் லோடு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்து, கையில் நாலு காசு பார்த்தபிறகுதான் பேசினேன். முதலில் பேசியதும் நான்தான். அவள் ஒன்றுமே நடக்காததுபோல, "வாக்கா, உக்காரு" என்றாள்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது. இனிமேல் இவள் பாடு திண்டாட்டம் என்று நினைத்தோம். ஒரு பட்டனை அமுக்கினால் உண்மை தெரிந்துவிடுமே. ஆனால் பாருங்கள், போன் வந்தபிறகும் பேசாதவர்கள் பேசவில்லை. கேட்க வேண்டியவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினார்கள். அவளுக்கு வேலை குறையவே இல்லை.

இப்போது என் நிலத்துக் கதைக்கு வருகிறேன். நிலமில்லாத கூலிப் பெண்கள் பேரில் நிலம் வாங்க அரசாங்கம் உதவுகிற திட்டம் ஒன்று வந்தது. எனக்கு மூன்று மா கிடைத்தது, அதாவது ஒரு ஏக்கர். பத்திரத்தில் என் பேர். கட்டைவிரலை நீட்டச் சொன்னவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும் என்று முழுப் பேரையும் போட்டேன்.

நிலம் நல்ல நிலம். இடம்தான் உள்ளே தள்ளி. ரோட்டை ஒட்டிப் பண்ணை வீட்டு அய்யாவின் வயல். அதற்குப் பின்னால் என்னுடையது. எனக்குப் பின்னால் வடிவாய்க்கால், மிஷின் தாண்ட முடியாத ஆழம். இரண்டு பக்கமும் மற்றவர்கள் வயல். எங்கள் வரப்பு ஆள் நடக்கத்தான் காணும். ஆகவே என் வயலுக்குள் மிஷின் வர வேண்டுமென்றால் அய்யா வயல் வழியாகத்தான் வர வேண்டும். அவர் முதலில் அறுத்திருந்தால் வெறும் தாளின்மேல் ஏறி வந்துவிடும். அருவாள் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எந்த வயலிலும் எப்போதும் இறங்கி அறுக்கலாம். மிஷின் வந்தபிறகு முன்வயல்காரர் என்ன ரகம் போடுகிறார், என்றைக்கு விதைக்கிறார் என்று கேட்டுத்தான் பின்வயல்காரர் போட வேண்டும். இல்லையென்றால் இவருக்கு முற்றும்போது அவருக்குப் பச்சையாக நிற்கும்.

நான் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க அவர்கள் சொன்ன ரகத்தை, அவர்கள் சொன்ன நாளில் நட்டவள். என் சொந்த மண்ணில் முதல் வெள்ளாமை. எனக்குப் பிடித்த ஆடுதுறை நாற்பத்தாறைப் போட்டேன். அய்யா நாள் கூடுதலாகப் பிடிக்கிற பொன்மணி போட்டிருந்தார். மார்கழி கடைசியில் என் வயல் முற்றித் தலைகவிழ்ந்து தங்கமாய் நிற்கிறது. முன்னால் அவர் வயல் பச்சை மாறவில்லை. டிவியில் கடலில் காற்று சுழல்கிறது என்கிறான். மழை வந்தால் முற்றின கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். அப்புறம் அது மாட்டுக்குக்கூட ஆகாது.

"நான் போயி அய்யாகிட்ட பேசறேன்" என்றாள் மிஷின்காரி.

"நீ பேசறதுன்னா பேசு. நான் அந்த வாசல்ல போயி நிக்க மாட்டேன்" என்றேன்.

அதற்குக் காரணம் உண்டு. இவருடைய அப்பா காலத்தில் கூலி நெல்லுக்காக அந்த வாசலில் மடியை ஏந்தி நின்றிருக்கிறேன். அவர் சாப்பிட்டு எழுந்து வருகிறவரை நிற்க வேண்டும். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஹைஸ்கூலில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்தாதவர். ஆனால் வாசல் அதே வாசல்.

அன்று சாயந்திரமே வந்துவிட்டாள். "அய்யா சரின்னுட்டாரு. நாளைக்குக் காலைல மிஷினு வருது. ஓரமா ஒரு மிஷின் அகலத்துக்குப் பச்சைக் கதிர அறுத்துப் பாதை விட்டுக்கலாம்."

"பச்சைப் பயிர அறுக்க எவன்டி சரிம்பான்?"

"அய்யா சரின்னாரு. நீ நெல்லுக்குச் சாக்க எடுத்து வையி."

மறுநாள் காலையில் ரோட்டோரம் மிஷின் வந்து நின்றது. நான் போனேன். அய்யாவும் வந்து, அவர் வயல் வரப்பில் நின்றார். நான் கும்பிட்டுவிட்டு நின்றேன். அவரும் நின்றார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். மிஷின் சும்மா உறுமிக்கொண்டிருக்கிறது.

"சொல்லும்மா" என்றார் கடைசியில்.

"நீங்கதான் அய்யா சொல்லணும். எந்த ஓரமா அறுக்கறதுன்னு."

"எதை அறுக்கிறது?"

"பாதைக்கு."

"என்ன பாதை? நீ காலையில நேர்ல வந்து ஏதோ கேக்கப் போறன்னு சொன்னா. அதுக்குத்தான் வந்தேன்."

இரண்டு பேரும் அவளைத் தேடினோம். அவள் மிஷினுக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெல்ட்டில் ஒட்டிய சேற்றை ஒரு குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சேறு போகாவிட்டால் உலகமே நின்றுவிடும் என்பதுபோல் அவ்வளவு கவனம்.

"அக்கா, எனக்கு அடுத்த ஊருல ஆளு நிக்குது. எறக்கட்டுமா, கெளம்பட்டுமா?" என்று டிரைவர் மேலேயிருந்து கேட்டான்.

கிழக்கே வானம் கருக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அவளை அங்கேயே சேற்றில் அமுக்கிவிடலாம் போல இருந்தது. என் வயலைத் திரும்பிப் பார்த்தேன். என் கதிர் காற்றில் சலசலக்கிறது. பச்சைக் கதிரில் அந்தச் சத்தம் வராது. திரும்பிப் போகலாம். போனால் பயிர் போய்விடும். அவர் வாசலில் நிற்க மாட்டேன் என்றுதானே சொன்னேன்? இது வாசல் இல்லை, வயல். அவர் நிற்பது வரப்பு, நான் நிற்பதும் வரப்பு. இரண்டும் ஒரே உயரம்.

"அய்யா, என் நெல்லு முத்திப்போச்சு" என்றேன். "மிஷினு உள்ள போக வழி இல்ல. ரகம் போடும்போது உங்ககிட்ட ஒரு வார்த்தை கலந்துக்கல. இப்ப கேக்கறேன். உங்க வயலுல மேலோரமா ஒரு மிஷின் அகலம் அறுத்துக்கறேன். அதுல எத்தனை வெளையுமோ, அத்தனையும் என் நெல்லுல அளந்து தர்றேன். ஒங்களுக்கு இஷ்டமிருந்தா சொல்லுங்க."

அவர் பயிரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு என் வயலின் அந்தக் கோடியைக் கையால் காட்டினார்.

"என் வயல் தண்ணி உன் வயல் வழியாத்தாம்மா வடியணும். நீ வந்ததும் அந்த மடையைச் சின்னதா மாத்திட்டே. ஐப்பசி மழையில எனக்கு ஓரத்துப் பயிர் அழுகிப்போச்சு."

"சொல்லியிருந்தா வெட்டிவிட்டிருப்பேனே அய்யா."

"எப்படிச் சொல்றது?" என்றார். கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார். "எங்க வயல்ல வேலை பாத்தவங்ககிட்ட போயி, உன் நெலத்துல எனக்கு வழி விடுன்னு... எனக்கு வாய் வரல. அவகிட்ட சொன்னேன். நீ அப்பவே சரின்னுட்டன்னு சொன்னா."

"எப்ப?"

"ஐப்பசியில."

மிஷினுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே? நான் சொன்னா மட்டும் நம்ப மாட்டேங்கறீங்க."

அய்யா சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "மடையைப் பெருசா வெட்டிவிடும்மா. நெல்லெல்லாம் அளக்க வேணாம், தாளை மட்டும் என் மாட்டுக்குப் போட்டுடு" என்றார்.

"நெல்லு அளந்துதான் தருவேன்" என்றேன். பிற்பாடு அளந்து, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

பச்சைத் தாளை மிஷினில் விட்டால் அடைத்துக்கொள்ளும், பாதையைக் கையால்தான் அறுக்க வேண்டும்; அதற்கு ஆள்? பக்கத்து வாய்க்காலில் நூறு நாள் வேலையில் எங்கள் பழைய செட்டுப் பொம்பளைகள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின்காரி அங்கே போனாள். "சாப்பாட்டு நேரத்துல வந்து அறுத்துட்டுப் போறதுக்கு உங்க பொறுப்பாளரம்மா சரின்னுட்டாங்க" என்றாள். பொறுப்பாளரம்மாவிடமும், அதுவரை காத்திருக்கச் சொல்லி மிஷின் டிரைவரிடமும் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோற்று வாளியோடு வந்தார்கள். அருவாள் பிடித்து வருஷக்கணக்காகிவிட்டது.

"என் அருவாள வச்சு மருமவ கருவாடு நறுக்கறா, மொட்டையாப் போச்சு" என்றாள் ஒருத்தி.

"ஒன் மருமவ கருவாடு நறுக்கறாளா? பாத்ததே இல்லையே, போனத்தானே நறுக்கிக்கிட்டிருப்பா."

"ஏன்டி மிஷின்காரி, மிஷினு வந்தா அருவாளுக்கு வேலை இல்லேன்னியே?"

"மிஷினுக்கே இப்ப வழி காட்டுறது அருவாதான். கொறை சொல்லாம அறு."

குனிந்தவர்களுக்கு நிமிர முடியவில்லை. நிமிர்ந்தவர்களுக்குக் குனிய முடியவில்லை. ஒருத்தியை ஒருத்தி பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சிரிப்பில் பாதி நேரம் போனது. "முழு வயலையும் இப்படியே அறுத்துடலாம்போல இருக்கே" என்று யாரோ சொன்னதும், "அறுக்கலாம், கட்டு சொமக்க யாரு? உன் புருஷனக் கூட்டிட்டு வா" என்று இன்னொருத்தி சொன்னாள். அந்தப் புருஷன் தன் உடம்பையே டீக்கடைவரைக்கும் சுமக்க முடியாத ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். சோற்று நேரம் முடிவதற்குள் பாதை விழுந்தது. மிஷின் உள்ளே இறங்கியது. என் வயலை அது அறுத்து முடிக்க, நான் வரப்பைச் சுற்றி வந்த நேரம்தான் ஆனது. மகன் ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் இறக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டினான். மறுநாள் வந்தது மழை. தார்ப்பாயின்மேல் அது கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். அய்யா வயல் தண்ணீர் பெரிய மடை வழியாக என் வெறும் வயலில் இறங்கி வடிவாய்க்காலுக்குப் போயிற்று.

அந்தச் சித்திரையில் மிஷின்காரி ஓசூருக்குப் போய்விட்டாள். மகள் அங்கே கம்பெனி வேலை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போகிற அன்றைக்கும் அதே சட்டைதான். ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். அவ்வளவு நேரம் எல்லோர் வீட்டிலும் என்ன பேசினாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, எல்லோரும் விதை எடுக்கிற சமயம், அய்யா எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார். காரில் இல்லை, நடந்து. தெருவே வெளியே வந்து பார்த்தது. நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"இந்த வருஷம் என்ன ரகம் போடலாம்னு கேக்க வந்தேன்" என்றார்.

"என்னையா அய்யா கேக்கறீங்க?"

"அவ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வந்து சொல்லிட்டுப் போனா. அந்தப் பக்கம் பூரா, நீங்க சொல்ற ரகத்தைத்தான் போடறதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களாம். நான் ஒருத்தன்தான் மிச்சமாம்."

யாரும் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இல்லை அய்யா, அது அவள் கட்டிவிட்ட கதை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒரு மனுஷர் வந்து, என்ன போடலாம் என்று என்னைக் கேட்கிறார். அவசரப்பட எனக்கு மனசில்லை. அவர் வயல் மேடு எது, பள்ளம் எது, தண்ணீர் எப்போது ஏறுகிறது என்றெல்லாம் கேட்டேன். அந்த வயலில் முப்பது வருஷம் நட்டவளுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

"நாப்பத்தாறே போடுவோம் அய்யா. ஒரே வாரத்துல எல்லாரும் விதைச்சுடுவோம்" என்றேன்.

"சரி" என்று எழுந்து போனார்.

அவர் போனபிறகு மற்ற வயல்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும், அய்யா உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நீ மட்டும்தான் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை. ரகத்தை மட்டும் சொன்னேன்.

தை பிறந்ததும் ரோட்டிலிருந்து வடிவாய்க்கால்வரை ஒரே நிறமாகப் பழுத்து நின்றது. மிஷின் அய்யா வயலில் இறங்கி, அறுத்துக்கொண்டே என் வயலுக்குள் வந்து, பக்கத்து வயலுக்குத் திரும்பியது. நடுவில் நிற்கவே இல்லை. டிரைவர் பையன் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினான். நான் வரப்பில் நின்றபடி ஓசூருக்குப் போன் போட்டேன். அங்கே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா சத்தம்?" என்றாள்.

"மிஷினுதான். ரோட்டுலேருந்து எறங்கி நேரா வந்துச்சு. எல்லாரும் நாப்பத்தாறு."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"அய்யாவுமா? அவரு வந்து கேட்டாரா?"

"நடந்து வந்து, நாக்காலில உக்காந்து கேட்டாரு."

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"பொய் சொல்லாதக்கா."